கினிப் பன்றியின் நகம் வளைந்து உள்ளங்காலைத் தொடுகிறது: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டரை வயதுக் கினிப் பன்றி ஒன்று வளர்கிறது. பத்து வயது மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் வாங்கினோம். அவள் வைத்த பெயர் சிட்டு. கடையில் தந்த கம்பிக் கூண்டில்தான் வைத்திருக்கிறோம். முயல் தீவனமும் கேரட்டும் கொடுக்கிறோம். சில மாதங்களுக்கு முன் எங்கள் நகவெட்டியாலேயே சிட்டுக்கு நகம் வெட்டப் பார்த்தேன், ரத்தம் வந்துவிட்டது. அது கத்திய கத்தலில் மகளும் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு நகத்தின் பக்கமே போகவில்லை. இப்போது முன்னங்கால் நகங்கள் பக்கவாட்டில் வளைந்துவிட்டன. ஒன்று உள்ளங்காலைத் தொடுகிறது. சில நகங்கள் வெள்ளை, சில கறுப்பு. காட்டில் வாழும் பிராணிக்கு யார் நகம் வெட்டுகிறார்கள் என்கிறார் என் மாமனார். கூண்டில் உப்புத்தாள் ஒட்டினால் தானாகத் தேய்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நானே வீட்டில் வெட்டலாமா, மயக்க மருந்து கொடுத்து மருத்துவரிடம்தான் வெட்ட வேண்டுமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உள்ளங்காலைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு நகத்தை முதலில் இன்றே நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். நகத்தின் நுனி தோலின் மேல் சும்மா பட்டுக்கொண்டிருக்கிறதா, தோலுக்குள் இறங்கிவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். நுனி கண்ணுக்குத் தெரிந்து, அதற்கும் தோலுக்கும் நடுவே ஒரு காகித ஓரத்தை நுழைக்க முடிந்தால், அதை நீங்களே வெட்டலாம். நுனி தெரியாமல் புதைந்திருந்தாலோ, அந்த இடம் சிவந்து வீங்கி இருந்தாலோ, ஈரக்கசிவும் பொருக்கும் வாடையும் இருந்தாலோ, அதை வீட்டில் இழுத்துப் பார்க்காதீர்கள். இழுக்கும்போது நுனி முறிந்து உள்ளேயே தங்கிச் சீழ் பிடிக்கக்கூடும், வலியும் அதிகம். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் நகத்தைத் தோலுக்கு வெளியே துண்டித்து, உள்ளே இருக்கும் பகுதியை எடுத்து, புண்ணைக் கழுவி, சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்த ஒரு விரல் சரியாகும்வரை மற்ற நகங்களைப் பற்றிய கவலையைத் தள்ளிவைக்கலாம்.

புதையவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்கள் மாமனாரின் கேள்வி நியாயமானது. அதற்கு நியாயமான பதிலும் உண்டு. கினிப் பன்றியின் முன்னோர்கள் தென் அமெரிக்காவின் புல்வெளிகளைச் சேர்ந்தவை. கல்லும் கரடுமான தரையில் இரை தேடியும் எதிரிக்கு அஞ்சியும் நாளெல்லாம் ஓடும் அவற்றின் நகங்கள் வளர வளரத் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை இறைச்சிக்காக வீட்டுப் பிராணியாக்கிவிட்டார்கள். இன்று நம் வீடுகளில் இருப்பது அந்த வழிவந்த பிராணி. அது காட்டில் வாழ்ந்ததே இல்லை. துணி விரித்த கூண்டிலும் வழவழப்பான டைல்ஸ் தரையிலும் நடக்கும் கால் எதில் தேயும்? வளர்வது நிற்காது, தேய்வதோ நடக்காது. ஆகவே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. வயது ஏற ஏற நகம் தடித்து, திருகிக்கொண்டும் வளரும். இரண்டரை வயதில் நீங்கள் பார்ப்பது அதன் ஆரம்பம்தான்.

நகம் நீண்டால் பார்க்க அழகாக இல்லை என்பதல்ல பிரச்சினை. நீண்ட நகம் தரையில் முட்டி விரலை மேலே தூக்கும், அல்லது பக்கவாட்டில் திருப்பும். விரல்கள் தாங்க வேண்டிய எடை அதனால் உள்ளங்காலின் பின்பகுதிக்குப் போகும். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள உடல் நான்கு சிறிய கால்களின் மேல் நாள் முழுவதும் நிற்கும்போது, எடை விழும் இடம் சற்றே மாறினாலும் அங்கே தோல் சிவந்து தடிக்கும். அதில் சிறு விரிசல் விழுந்தால் கிருமி உள்ளே இறங்கும். உள்ளங்கால் புண் என்று நாங்கள் சொல்லும் இந்த நோய் முற்றினால் எலும்புவரை போகும். மாதக்கணக்கில் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தும் முழுதாக ஆறாமல் போவதுண்டு. நகத்தைக் கவனிக்கச் சொல்வது பெரும்பாலும் இந்தப் புண்ணை வரவிடாமல் தடுப்பதற்காகத்தான்.

அதனால், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சிட்டுவின் கூண்டுக்குத் தரையும் கம்பி வலைதானா? கடைகளில் தருவது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கீழே ஒரு தகட்டுத் தட்டோடு. கழிவு கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்பது அதை விற்பவர்களின் வாதம். கினிப் பன்றியின் உள்ளங்காலில் முயலுக்கு இருப்பதுபோல் அடர்ந்த மயிர் கிடையாது, வெறும் தோல்தான். அந்தத் தோல் கம்பியின் மேல் நாள் முழுவதும் நிற்பது ஒரு கேடு. நீண்ட நகம் வலைக் கண்ணில் மாட்டி, பிராணி பதறி இழுக்கும்போது நகம் வேரோடு பிய்ந்துவிடுவதும் விரல் முறிவதும் இன்னொரு கேடு. நகம் வெட்டுவதற்கு நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை, இந்தக் கம்பித் தரையை இன்றிரவுக்குள் மூடிவிடுங்கள். அட்டையோ மெல்லிய பலகையோ போட்டு, மேலே செய்தித்தாள், அதற்கு மேல் பழைய பருத்தித் துண்டோ போர்வைத் துணியோ விரித்தால் போதும். துணியில் நூல் பிரிந்து தொங்கக் கூடாது. நகமும் விரலும் அதில் சுற்றிக்கொள்ளும். ஈரமான துணியில் நின்றாலும் உள்ளங்கால் புண்ணாகும் என்பதால் துணியைத் தினமும் மாற்றுங்கள். கொஞ்ச நாளில் பெரிய இடமாகவே பார்த்துக் கொடுங்கள். இரண்டு கினிப் பன்றிகளுக்கு ஏழரைச் சதுர அடித் தரை என்பது குறைந்தபட்ச அளவு. ஒன்றே இருந்தாலும் அதைவிடச் சிறிய கூண்டு வேண்டாம் என்பது என் கருத்து. நடக்க இடமிருந்தால்தான் உடம்பு பெருக்காமல் இருக்கும். உடம்பு பெருத்தால் அந்தச் சுமையும் இதே உள்ளங்காலில்தான் இறங்கும்.

இனி நகத்துக்கு வருவோம். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் மூன்று விரல், ஆக 14 நகங்கள். சிலவற்றுக்குப் பின்னங்காலில் கூடுதலாக ஒரு குட்டி விரல் தொங்கிக்கொண்டிருக்கும். அது தரையைத் தொடாததால் அதிலுள்ள நகம் தேயவே தேயாது. வட்டமாகச் சுருண்டு தோலைக் குத்தும்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடும். சிட்டுவுக்கு அப்படி இருக்கிறதா என்று மயிரை விலக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு நகத்தின் உள்ளேயும், வேரிலிருந்து நுனியை நோக்கிக் கொஞ்ச தூரம் வரை, ரத்தக்குழாயும் நரம்பும் உள்ள உயிர்ச்சதை ஒன்று ஓடுகிறது. போன முறை நீங்கள் வெட்டியது அதைத்தான். வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்புக் கோடாக வெளியே தெரியும். அந்தக் கோடு முடிந்த இடத்துக்கு அப்பால் இருப்பது உயிரற்ற வெறும் நகம், அதை வெட்டினால் வலிக்காது. நகம் நீள நீள இந்த உயிர்ச்சதையும் கூடவே நீண்டுகொண்டு வரும் என்பதைத்தான் பலர் அறிவதில்லை. சில மாதங்கள் விட்டுவிட்ட நகத்தை ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர முயன்றால் ரத்தம் வந்தே தீரும், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும். மாறாக, நுனியை மட்டும் கொஞ்சம் நறுக்கிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் கொஞ்சம் நறுக்கினால், உயிர்ச்சதை மெல்ல மெல்லப் பின்வாங்கும். உங்கள் சிட்டுவின் நகம் சரியான அளவுக்கு வர இரண்டு மாதம் ஆகலாம். ஆகட்டும். அவசரப்படாமல் இருப்பதில்தான் இந்த வேலையின் நுணுக்கம் இருக்கிறது. சரியான அளவுக்கு வந்த பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டினால் போதும்.

கறுப்பு நகத்தில் சிவப்புக் கோடு தெரியாது. அதனால்தான் எல்லோரும் அதற்குப் பயப்படுகிறார்கள். கைப்பேசியின் டார்ச் ஒளியை நகத்தின் அடியிலிருந்து பாய்ச்சிப் பாருங்கள். நடுத்தரக் கறுப்பாக இருந்தால் உயிர்ச்சதை இன்னும் இருண்ட நிழலாகத் தெரியும். கரும் கறுப்பாக இருந்தால் அதுவும் தெரியாது. அப்போது அதே காலில் பக்கத்தில் இருக்கும் வெள்ளை நகத்தைப் பாருங்கள்; அதில் உயிர்ச்சதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் கறுப்பிலும் வந்திருக்கும். நகத்தின் அடிப்பக்கமும் உதவும். உயிர்ச்சதை இல்லாத நுனிப் பகுதி அடியில் வாய்க்கால்போலக் குழிந்து இருக்கும். அந்தக் குழிந்த பகுதியில் நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மட்டும் நறுக்கி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். முகம் உலர்ந்து வெளிறி இருந்தால் இன்னொரு மெல்லிய சீவல் எடுக்கலாம். நடுவில் கருமையாகவோ ஈரமாகவோ ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். வெட்டுவதற்கு முன் கத்தரியை நகத்தின்மேல் வைத்து லேசாக ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் நல்ல பழக்கம். உயிர்ச்சதை இருக்கும் இடமென்றால் கினிப் பன்றி காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இன்னும் நுனிப்பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, மனிதர்களுக்கான நகவெட்டி கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். குட்டிகளின் மெல்லிய நகத்துக்கு அது போதும். ஆனால் நம் நகம் தட்டையானது, கினிப் பன்றியின் நகம் அப்படியல்ல. வளைந்த தடித்த நகத்தை அந்த வெட்டி மேலும் கீழும் நசுக்கும்போது நகம் நெடுக்காகப் பிளந்துவிடும், பிளவு உயிர்ச்சதைவரை ஓடினால் ரத்தம் வரும். போன தடவை நேர்ந்தது அதுவாகவும் இருக்கலாம். பூனைகளுக்கும் முயல்களுக்கும் என்று விற்கும் சிறிய நகக் கத்தரி கிடைக்கிறது. வாய்ப்பகுதியில் அரைவட்டக் குழிவு இருக்கும், நகம் அதில் நழுவாமல் உட்காரும். அதை வாங்குங்கள். கூர் மழுங்கியதும் மாற்றிவிடுங்கள். நாய்களுக்கான பெரிய வெட்டி வேண்டாம். எங்கே வெட்டுகிறோம் என்பதையே அது மறைத்துவிடும்.

பிடிப்பதுதான் உண்மையில் பாதி வேலை. இரையாகப் பிறந்த பிராணி இது. மேலிருந்து ஒரு கை வந்து கவ்வினால் பருந்து தூக்குகிறது என்றே அதன் உடம்பு புரிந்துகொள்ளும். நீங்கள் கேட்ட கத்தலில் பாதிக்கு மேல் வலியால் வந்திருக்காது, பயத்தால் வந்திருக்கும். ஆகவே ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து ஏந்தித் தூக்குங்கள். கால்கள் அந்தரத்தில் தொங்கக் கூடாது. தொங்கினால் உதைக்கும், உதைத்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. நாற்காலியிலோ கட்டிலிலோ உட்காராமல் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மடியிலிருந்து துள்ளி விழுந்தாலும் அரை அடி உயரம்தான் இருக்கும்; மேசை உயரத்திலிருந்து விழுந்து காலொடிந்து வரும் கினிப் பன்றிகளைப் பார்க்க மிகவும் வருத்தமாக இருக்கும். ஒரு துண்டால் உடம்பைச் சுற்றி, வெட்ட வேண்டிய காலை மட்டும் வெளியே எடுங்கள். துண்டு மார்பை இறுக்கக் கூடாது, மூச்சு விடும்போது விலா அசைவது உங்கள் கைக்குத் தெரிய வேண்டும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் இருக்கிறதே என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது அமைதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அச்சத்தில் உறைந்து கிடக்கிறது. அதன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி, முகம் வெளியே பார்க்கும்படி உட்காரவைத்தால் முன்னங்கால்கள் தாமாகவே எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

இதில் உங்கள் மகளுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. அவள் எதிரே உட்கார்ந்து கொத்தமல்லித் தழையையோ குடைமிளகாய்ச் சீவலையோ சிட்டுவின் வாயருகே பிடித்துக்கொள்ளட்டும். மெல்லும் வாய் நின்றுவிட்டால் சிட்டு பயந்துவிட்டது என்று அவள் உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் கையை எடுத்துவிட்டு, அது மறுபடி மெல்லத் தொடங்கும்வரை காத்திருக்கலாம். கத்தரியை மட்டும் அவள் கையில் இப்போது கொடுக்க வேண்டாம். முதல் சில நாள் வெட்டவே வெட்டாதீர்கள். தினமும் இரண்டு நிமிடம் மடியில் வைத்து, தழை கொடுத்து, ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பழக்குங்கள். போன தடவை நடந்ததை அது மறந்திருக்காது, காலைத் தொட்டாலே இழுக்கும். அந்தப் பயத்தைத் தணித்துவிட்டுக் கத்தரியை எடுங்கள். உள்ளங்காலைத் தொடும் அந்த ஒரு நகம் மட்டும் விதிவிலக்கு. அதன் நுனியை நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

வெட்டும் நாளில் காலைக் குளிர்ச்சியில் உட்காருங்கள். கினிப் பன்றிக்கு வெயில் ஆகாது. அறை வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும்போதே அது திணறத் தொடங்கும், அதன்மேல் துண்டும் பயமும் சேர்ந்தால் வெப்பத்தாக்கு வரும். கத்தரியைத் திறந்து தயாராக வைத்துவிட்டு, விரலைச் சுற்றி மயிர் மறைத்தால் ஈர விரலால் ஒதுக்கிவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த ஒரு விரலை மட்டும், இழுக்காமல், நகம் துருத்திக்கொண்டு நிற்கும்படி பிடியுங்கள். சிவப்புக் கோடு முடியும் இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் அப்பால் கத்தரியை வைத்து, வெட்டிய முகம் தரையைப் பார்க்கும்படி சற்றே சாய்த்து, ஒரே அழுத்தில் வெட்டுங்கள். தயங்கித் தயங்கி நசுக்கினால்தான் பிளக்கும். பக்கவாட்டில் வளைந்த நகத்தை ஒரேயடியாக நேராக்கப் பார்க்க வேண்டாம். நுனியை எடுத்தாலே பல வாரங்களில் அதன் போக்கு மாறும். ஒரே அமர்வில் 14 நகத்தையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்று ஒரு கால், நாளை மறுநாள் இன்னொரு கால் என்று வைத்துக்கொண்டால் சிட்டுவுக்கும் சலிப்பு வராது, உங்களுக்கும் கை நடுங்காது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு நாள் ரத்தம் வரும். கினிப் பன்றியின் உடலில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் இருக்கிறது. நகத்திலிருந்து வரும் சில சொட்டால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பிறகு தேய்க்கும் படிகாரத்தை நன்றாகப் பொடித்து ஒரு சிமிழில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சற்றே எரியும், ஆனால் ரத்தத்தை உடனே கட்டும். எரிச்சல் வேண்டாமென்றால் சமையலறைச் சோளமாவே போதும். ஒரு சிட்டிகையை நகத்தின் நுனியில் அப்பி, சுத்தமான துணியால் மூன்று நான்கு நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் கலைந்துவிடும். நம் வீடுகளில் காயத்துக்கு வைக்கும் காபித் தூளையும் சுண்ணாம்பையும் வைத்துவிடாதீர்கள். கினிப் பன்றி காலை நக்கும், இரண்டுமே அதன் வயிற்றுக்குள் போகக்கூடாதவை. பிறகு ஒரு மணி நேரம் வெள்ளைத் துண்டின் மேல் விட்டுவைத்தால், மறுபடி கசிந்தால் உடனே தெரியும். கால்மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மயக்க மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெறும் நகம் வெட்டுவதற்கு அது தேவையில்லை. இவ்வளவு சிறிய உடம்புக்கு மயக்கம் கொடுப்பதில் ஆபத்து உண்டு. நகம் சதைக்குள் ஆழப் புதைந்து, புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய நிலையில்தான் மருத்துவர் அதை யோசிப்பார். ஆனால் முதல் முறை மட்டும் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய், அவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது. போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். முயலும் கினிப் பன்றியும் பார்க்கும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் நாய்கள் இருந்தால் கூண்டைத் துணியால் மூடி ஒதுக்குப்புறமாக வையுங்கள்.

உப்புத்தாள் யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நகம் தேய்வதற்கு முன்னால் உள்ளங்காலின் தோல்தான் தேயும், அதோடு மேலே சொன்ன புண்ணுக்கு வழி திறந்துவிடும். தண்ணீர் குடிக்கும் இடத்தில் சற்றே சொரசொரப்பான தட்டைக் கல் ஒன்றைப் போடலாம். நின்று குடிக்கும்போது நுனி கொஞ்சம் மழுங்கும், வெயில் நாளில் அதன்மேல் படுத்துக் குளிர்ச்சியும் தேடிக்கொள்ளும். கத்தரிக்கு அது மாற்றாகாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது நகத்தைவிட அந்த முயல் தீவனம்தான். கினிப் பன்றியால், நம்மைப் போலவே, வைட்டமின் சி-யைத் தன் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது, முயலால் முடியும். அதனால் முயல் தீவனத்தில் அதைச் சேர்ப்பதில்லை. 1907-இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்ற இருவர் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்துப் பார்த்தபோது, கடலோடிகளைக் கொன்ற அதே ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் வந்தது. மனிதர்களின் அந்த நோயை ஆராய வழி பிறந்ததே அதில்தான். இந்த வைட்டமின் குறைந்தால் மூட்டு வீங்கும், நடக்க மறுக்கும், சிறு கீறல்கூட ஆறாது, நகம் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்கத் தாமதமாகும். உள்ளங்கால் புண் வருவதற்கும் அது ஒரு காரணம். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. கால்பங்குக் குடைமிளகாய் தினமும் கொடுத்தால் ஏறக்குறைய அந்தக் கணக்கு முடிந்துவிடும். கூடவே கொத்தமல்லித் தழையும், வாரத்தில் இரண்டு நாள் கொய்யாவில் சிறு துண்டும் கொடுக்கலாம். கேரட்டில் இனிப்பு அதிகம், இந்த வைட்டமின் குறைவு. அதை எப்போதாவது ஒரு வில்லையாகக் குறையுங்கள். குடிதண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை நம்பாதீர்கள், ஒளியிலும் காற்றிலும் அது சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் புல் வேண்டும், அதுவும் எந்நேரமும். பூச்சிமருந்து படாத அருகம்புல் நம் ஊரில் கிடைக்கும் நல்ல உணவு. காய்ந்த புல்லும் கொடுக்கலாம். நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு. உணவை ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.

கால்களைப் பார்க்கும்போது முன்னங்காலின் உள்ளங்கால் ஓரத்தில் கொம்புபோல ஒரு தடிப்பு நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் பயந்துவிடாதீர்கள். சில கினிப் பன்றிகளுக்கு அப்படி வளரும், நோயல்ல. அதைக் கையால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் உலர்ந்த நுனியை மட்டும் நகக் கத்தரியால் நறுக்கிவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரலில் புண்ணோ வீக்கமோ வந்தால், வீட்டில் குழந்தைக்கு வாங்கி மீந்திருக்கும் அமாக்சிசிலின் மருந்தை இரண்டு சொட்டு கொடுத்துப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி, சில நாளில் உயிர் போய்விடும். இதற்கென்று பாதுகாப்பான மருந்துகள் வேறு உள்ளன. மருத்துவர் எடை பார்த்து அளவு சொல்லித் தருவார். புண்ணைக் கழுவ உப்பு கலந்த கொதித்து ஆறிய நீர் போதும். வீட்டுக் கிருமிநாசினியை அப்படியே ஊற்ற வேண்டாம்.

நகம் வெட்டிய அன்று சிட்டு கொஞ்ச நேரம் மூலையில் ஒதுங்கி இருக்கலாம், அது இயல்பு. ஆனால் அரை நாளாகியும் புல்லைத் தொடவில்லை, புழுக்கை போடுவது குறைந்திருக்கிறது, ஒரு காலைத் தூக்கியே வைத்திருக்கிறது என்றால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். இந்தப் பிராணியின் குடல் நின்றுவிட்டால் நிலைமை மணிக்கணக்கில் மோசமாகும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து, நான்கு உள்ளங்கால்களையும் திருப்பிப் பார்த்து, இரண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் பொறுப்பை உங்கள் மகளிடம் கொடுங்கள். எடை தொடர்ந்து இறங்கினாலோ உள்ளங்காலில் சிவப்பு தெரிந்தாலோ, அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நோய் எப்போது தொடங்கியது என்பதை அவர் அதிலிருந்தே தெரிந்துகொள்வார்.